ஓர் ஆங்கிலச் சிற்றூரின் வரலாற்றைத் தேடும் முறை: புதியவர்களுக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் புதிதாகக் குடியேறியவரும் சரி, விடுமுறை நாளில் அங்கே நடந்துவிட்டு வருபவரும் சரி, ஒரு சிற்றூரில் முதலில் காண்பது ஒரு தேவாலயக் கோபுரம், அதைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டம், ஒரு பப், ஒரே தெருவாக நீளும் வீடுகள், போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த ஒரு கல் ஆகியவற்றைத்தான். இவ்வளவு சிறிய ஊருக்குத் தனியாக என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் 900 ஆண்டுகளுக்கும் மேலாக அரசரும் திருச்சபையும் நிலப்பிரபுவும் மாறி மாறி அந்த ஊரைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

தேடத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த ஏடுகளில் ஏறக்குறைய எதுவுமே வரலாறு எழுதும் நோக்கத்தில் எழுதப்பட்டதல்ல. வரி வாங்கவும், விளைச்சலில் திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை வசூலிக்கவும், வரப்புத் தகராறு தீர்க்கவும், ஏழை ஒருவரைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடவும் எழுதப்பட்டவை அவை. ஆகவே எந்த ஏட்டைக் கையில் எடுத்தாலும், இதை யார் எழுதினார், யாரிடமிருந்து எதைப் பெறுவதற்காக எழுதினார், யாரை எழுதாமல் விட்டார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டே தீர வேண்டும். இந்தக் கட்டுரையில் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற ஊரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு ஊர்களில் ஏட்டில் மட்டுமே எஞ்சியிருக்கும், வேலியில்லாத பெருவயல்களைப் பலர் பகிர்ந்து பயிரிடும் பழைய திறந்தவெளி வேளாண்மை அங்கே இன்றும் மண்ணில் நடக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

முதல் படி: எந்த ஊர், எந்த எல்லை

ஆங்கிலத்தில் கிராமம் என்பது வெறும் வழக்குச் சொல். பழைய ஆவணங்கள் கிராமத்தின் பெயரில் அல்லாமல், பாரிஷ் எனப்படும் திருச்சபைப் பங்கின் பெயரிலோ, மேனர் எனப்படும் நிலப்பிரபுவின் ஆட்சிப்பகுதியின் பெயரிலோ அடுக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டின் எல்லைகளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே பங்குக்குள் மூன்று மேனர்கள் இருக்கலாம். ஒரு மேனர் இரண்டு பங்குகளில் பரவியும் இருக்கலாம். 1974ஆம் ஆண்டில், நம் மாவட்டங்களைப் போன்ற பல கவுண்டிகளின் எல்லைகள் மாற்றப்பட்டதால், இன்று ஒரு கவுண்டியில் உள்ள ஊரின் பழைய ஏடுகள் வேறொரு கவுண்டியின் காப்பகத்தில் கிடைப்பதும் உண்டு. எனவே உங்கள் ஊர் எந்தப் பங்கில், எந்த மேனரில், பழைய கணக்குப்படி எந்தக் கவுண்டியில் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். இதைச் செய்யாமல் ஒரு பகல் முழுவதையும் வேறொரு மேனரின் ஆவணச் சுருள்களில் நானும் செலவிட்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: நடந்து பார்த்தல்

ஏட்டுக்கு முன்னால் மண்ணைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் வயல்களின் எல்லைக் கோடுகள்கூடக் காட்டப்பட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, பொது நடைபாதை வழியாக ஊரை ஒருமுறை சுற்றி வாருங்கள். குளிர்காலத்தில், வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போவது நல்லது. அந்த நேரத்தில்தான், கோடையில் வெறும் புல்வெளியாகத் தெரிந்த மேய்ச்சல் நிலத்தில் மேடும் சாலுமாக நீண்ட அலைகள் எழுவதைக் காண முடியும். சாலின் ஒரு பக்கம் நிழல் படிந்திருக்கும். உறைபனி விழுந்த நாளாக இருந்தால், மேட்டில் பனி உருகிய பிறகும் சாலில் வெள்ளைக்கோடு நிற்கும். இடைக்காலத்தில் எருது பூட்டிய கனமான கலப்பை ஆண்டுதோறும் ஒரே திசையில் மண்ணைப் புரட்டியதால் உண்டானவை இந்த மேடுகள். அவை நேர்க்கோடாக இல்லாமல் மெல்ல வளைந்திருந்தால், நீண்ட எருதுச் சோடிகளை வயலின் முனையில் திருப்புவதற்காக உழவர் முன்கூட்டியே வளைத்து ஓட்டியதன் தடம் அது.

அடுத்து உயிர்வேலிகளைப் பாருங்கள். வளைந்து வளைந்து செல்லும் வேலி பெரும்பாலும் பழையது; அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராகச் செல்லும் வேலியும், இருபுறமும் அகலமான புல்விளிம்பு உள்ள நேரான சாலையும் 18ஆம் அல்லது 19ஆம் நூற்றாண்டில் நில அளவையாளர் மேசையில் பிறந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். பண்ணை வீடுகள் எங்கே நிற்கின்றன என்பதும் முக்கியம். லாக்ஸ்டனில் அவை ஊர்த் தெருவிலேயே, பக்கச் சுவரைச் சாலைக்குக் காட்டியபடி நிற்கின்றன. ஒவ்வொரு குடியானவரின் நிலமும் ஊரின் எல்லாத் திசைகளிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்ததால், நடுவில் குடியிருப்பதே அவர்களுக்கு வசதியாக இருந்தது. நிலம் ஒரே தொகுதியாக வேலியடைக்கப்பட்ட ஊர்களில் பண்ணை வீடுகள் பலவும் தெருவை விட்டு வயல்களின் நடுவே போய்விட்டன.

மூன்றாம் படி: பெயரும் 1086ஆம் ஆண்டும்

ஊர்ப் பெயரின் கடைசி அசை ஒரு தொடக்கக் குறிப்பு தரும். -டன், -ஹாம் என முடிபவை பெரும்பாலும் பழைய ஆங்கிலப் பெயர்கள். -பி, -தார்ப் என முடிபவை டேனியர்கள் குடியேறிய கிழக்குப் பகுதிகளில் மிகுதி. ஆனால் இன்றைய எழுத்து வடிவத்தை வைத்து ஊகிக்காதீர்கள். கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். லாக்ஸ்டனின் பழைய வடிவம் லாக்ஸின்டோன். லீக்ஸா என்பவரோடு தொடர்புள்ள பண்ணை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

அந்த வடிவம் இருப்பது டூம்ஸ்டே புத்தகத்தில். முதலாம் வில்லியம் மன்னர் 1085ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஆணையிட, அடுத்த ஆண்டில் நடந்த நிலக் கணக்கெடுப்பு அது. அதன் பதிவுகளை ஊர்வாரியாகத் தேடிப் பார்க்க இணையத்தில் கட்டணமில்லாத தளம் உண்டு. லாக்ஸ்டன் பதிவு சில வரிகள்தான்: முன்பு டோகி என்பவருக்கு உரியதாக இருந்த நிலம் இப்போது ஜெஃப்ரி ஆல்செலினிடம் இருக்கிறது, அவருடைய ஆள் வால்டருக்கு ஓர் ஏர், நிலத்தோடு கட்டுண்ட குடியானவர் 22 பேர், சிறுநிலக் குடியினர் 7 பேர், அவர்களிடம் 5 ஏர்கள், ஆண் அடிமைகள் 5, பெண் அடிமை 1, புல்வெளி 40 ஏக்கர், மேய்ச்சலுக்கான காடு, நார்மன் படையெடுப்புக்கு முந்தைய எட்வர்ட் மன்னர் காலத்தில் 9 பவுண்டு மதிப்பு, இப்போது 6 பவுண்டு.

இதைப் படிக்கும் புதியவர்கள் செய்யும் முதல் பிழை, தலைகளைக் கூட்டி ஊரின் மக்கள்தொகை 35 என்று எழுதிவிடுவது. கணக்கில் வந்தவர்கள் குடும்பத் தலைவர்கள். மனைவி, மக்கள், முதியோர் எவரும் எண்ணப்படவில்லை. ஆய்வாளர்கள் வழக்கமாக நான்கரை அல்லது ஐந்தால் பெருக்குகிறார்கள். அடிமைகள் தனி ஆட்களாக எண்ணப்பட்டார்களா, குடும்பங்களாகவா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. டோகியின் பெயர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறைவதையும் கவனியுங்கள். வில்லியம் மன்னர் 1066இல் நடத்திய நார்மன் படையெடுப்பால் நிலம் கைமாறியது இந்த ஊரில் எப்படி நடந்தது என்பதற்கு அந்த ஒரு பெயரே சான்று.

உங்கள் ஊர் அந்த நூலில் இல்லையென்றால் ஊரே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். டர்ஹாமும் நார்தம்பர்லாந்தும் அந்தக் கணக்கெடுப்பில் சேரவில்லை. பல சிற்றூர்கள் பெரிய மேனரின் பெயருக்குள் அடங்கிப்போயின. நேர்மாறாக, அதில் இடம்பெற்ற ஊர் இன்று காணாமலும் போயிருக்கலாம். யார்க்‌ஷயரின் வார்ரம் பெர்சி அப்படிப்பட்டது. 1500ஆம் ஆண்டையொட்டி ஆடுகளுக்கு இடம் விட்டு வெறிச்சோடிய அந்த ஊரை மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழ்ந்தார்கள். கூரையில்லாத புனித மார்ட்டின் தேவாலயம் மட்டும் அங்கே இன்னும் நிற்கிறது.

நான்காம் படி: தேவாலயமும் அதன் பதிவேடுகளும்

பெரும்பாலான ஊர்களில் மிகப் பழைய கட்டடம் தேவாலயம்தான். உள்ளே சென்றதும் சுவர்க் கற்பலகைகளைப் படியுங்கள். ஊரில் யாரிடம் பணம் இருந்தது, எப்போதிருந்து இருந்தது என்பதை அவை காட்டும். லாக்ஸ்டன் தேவாலயத்தில் எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கற்சிலைகளுக்கு நடுவே, கருவாலி மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் கிடந்த உருவமும் இருக்கிறது. தமிழ் வாசகர்கள் வேறு சில ஊர்களில் நம் கடற்கரையின் பெயரையே எதிர்கொள்வார்கள். 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், டார்செட்டின் பிளாண்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி என்ற சிற்றூரில் பிறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். சென்னையில் வாங்கிய வைரத்தை 1717இல் பிரெஞ்சு அரசுக்கு விற்ற அவர், கார்ன்வாலில் பொகானக் பண்ணையை வாங்கினார். ஆர்க்காட்டு முற்றுகையால் பெயர்பெற்ற ராபர்ட் கிளைவ், ஷ்ராப்ஷயரின் மோர்ட்டன் சே என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஒரு மாளிகைக்கோ தேவாலயத்துக்கோ பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், விடை அந்த ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டியதில்லை.

பதிவேடுகள் 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல்லின் ஆணையால் தொடங்கின. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் எழுதி வைக்க வேண்டும். பல ஊர்களில் முதல் அறுபது ஆண்டுகளின் தாள்கள் அழிந்துவிட்டன. 1598ஆம் ஆண்டையொட்டி அவற்றைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது எஞ்சியதுதான் இன்று கிடைக்கிறது. 1640களிலும் 1650களிலும் உள்நாட்டுப் போரால் பெரும் இடைவெளி விழும். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்துவிடுவதால் படிப்பது எளிது. எனவே புதியவர்கள் அங்கே தொடங்கிப் பின்னோக்கிச் செல்வதே நல்லது. எழுத்தின் வடிவம் கண்ணுக்குப் பழகப் பழக, பழைய கையெழுத்தும் மெல்ல வசப்படும்.

ஆண்டுக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதியில். ஆகவே 1665 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் அது நம் கணக்கில் 1666 பிப்ரவரி. குறிப்பெடுக்கும்போது 1665/6 என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால், பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகக் கணக்கிட்டுவிடுவீர்கள்.

பதிவேட்டின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காண டார்பிஷயரின் ஈம் என்ற ஊரை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் வந்ததாகச் சொல்லப்படுகிறது. தையற்காரர் வீட்டில் தங்கியிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் 1665 செப்டம்பர் 7இல் அடக்கம் செய்யப்பட்டார். 1666 கோடையில் குருவானவர் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சொன்னதைக் கேட்டு ஊரார் வெளியே செல்லாமல் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். வெளியூரார் எல்லைக்கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போவார்கள். கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசு போடப்பட்டிருக்கும். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அந்த ஆகஸ்டில் இறந்தார். அதே ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாட்களுக்குள் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். இறந்தவர்கள் ஏறக்குறைய 260 பேர்.

இந்தப் பெயர்களை மாதவாரியாகவும் குடும்பவாரியாகவும் ஒரு தாளில் அடுக்கிப் பாருங்கள். குளிர்காலத்தில் நோய் தணிந்ததும், கோடையில் மீண்டும் பொங்கியதும், சில வீடுகள் முழுமையாக அழிந்ததும், சில வீடுகளை நோய் தொடாமல் விட்டதும் உங்கள் கையெழுத்திலேயே தெரியவரும். அதே வேளையில், ஊரில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பதிவேடு சொல்லாது. முன்பு 350 என்று எழுதினார்கள். பிற்காலத்தில் பதிவேட்டை, வீட்டிலுள்ள அடுப்புகளை எண்ணி வாங்கிய அடுப்பு வரியின் பட்டியலோடு ஒப்பிட்டவர்கள் அதைப்போல் இருமடங்கு இருக்கலாம் என்று கணித்தார்கள். நான்கில் மூவர் இறந்தார்களா, மூவரில் ஒருவர் இறந்தாரா என்பதே இதனால் மாறிவிடுகிறது. தியாகத்தைப் பற்றிய உருக்கமான விவரங்கள் பல, நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதியவர்களிடமிருந்து வந்தவை. நோய்க்காலத்திலேயே எழுதப்பட்டவற்றில் நம் கைக்கு எட்டுபவை மாம்பெசனின் சில கடிதங்கள்தான். ஊரார் போற்றும் கதையை மதியுங்கள், ஆனால் எந்த வரி எந்த ஆண்டில் முதன்முதலாக எழுதப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மேனர் மன்றமும் நில வரைபடங்களும்

மேனர் மன்றத்தின் சுருள்களில்தான் ஊரின் அன்றாடம் கேட்கும்: யாருடைய பன்றி யாருடைய பயிரை மேய்ந்தது, யார் வாய்க்காலைத் தூர்வாரவில்லை, தந்தை இறந்ததும் நிலத்தைப் பெற மகன் எவ்வளவு கட்டினார் என்பன போன்றவை. இவற்றில் பல லத்தீனில் உள்ளன. 1733 வரை அந்த மொழியே நீதிமன்ற வழக்கு. உங்கள் மேனரின் சுருள்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கும் மேனர் ஆவணப் பட்டியலில் தேடலாம்.

லாக்ஸ்டனில் அந்த மன்றம் இன்றும் கூடுகிறது. கோர்ட் லீட் என்பது அதன் பெயர். மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெரும் வயல்கள். வேலியில்லாத அவற்றில் ஒவ்வொரு விவசாயிக்கும் பட்டை பட்டையாக நிலம். சுழற்சி முறையில் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசாகவோ தீவனப்புல்லாகவோ இருக்கும். நவம்பர் இறுதியில் ஜூரிகள் கோதுமை வயலைச் சுற்றி வந்து, பட்டைகளின் எல்லைகளில் முளையடித்து, பாதையிலோ பொதுப் புல்நிலத்திலோ ஏர் ஏற்றியவர்களைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற பப்பில் மன்றம் கூடி அபராதம் விதிக்கும்.

இந்த ஊருக்கு 1635ஆம் ஆண்டிலேயே ஒரு வரைபடம் கிடைத்துவிட்டது. மேனரை வாங்கிய வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்ற அளவையாளர் வரைந்தது அது; இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் தனித்தனியே வரையப்பட்டு, இடையிடையே உழுபவர், அறுப்பவர், வேட்டை நாய்கள் எனச் சிற்றுருவங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. அழகுக்காக மட்டும் அது வரையப்படவில்லை. புதிதாக வாங்கிய முதலாளி, யாரிடமிருந்து எவ்வளவு குத்தகை வரும் என்று தெரிந்துகொள்ள விரும்பினார்.

மற்ற ஊர்களில் இத்தகைய வயல்கள் ஏன் மறைந்தன? பெரும்பாலும் வேலியடைப்புச் சட்டங்களால். 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றி, 68 லட்சம் ஏக்கர் நிலத்தைத் தனித்தனி உடைமையாக்கியது. ஒவ்வொரு சட்டத்தையும் தொடர்ந்து ஒரு தீர்ப்பேடும் வரைபடமும் எழுதப்பட்டன. உங்கள் ஊருக்கு அது இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதில் நிலம் பெற்றவர்களின் பட்டியலைப் படித்தபின், பெயர் வராதவர்களைத் தேடுங்கள். பொது மேய்ச்சலில் ஒரு மாடு கட்டிப் பிழைத்த கூலிக்காரருக்குச் சட்டப்படி காட்டத்தக்க உரிமைப் பத்திரம் இல்லாததால், அவர் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். லாக்ஸ்டன் தப்பியதற்கு, அங்கே நிலம் இரண்டு பெரிய பண்ணைகளிடம் பிரிந்து கிடந்ததும், அவை தமக்குள் ஒத்துப்போகாததும் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

1836ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்தை ஒட்டி வரையப்பட்ட வரைபடங்கள் இன்னொரு புதையல். ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண்; அந்த எண்ணுக்கு எதிரே உரிமையாளர், பயிரிடுபவர், வயலின் பெயர், பயிர், பரப்பு. பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என மூன்று அலகில் இருக்கும்: 4 ரூட் ஓர் ஏக்கர், 40 பெர்ச் ஒரு ரூட். அதற்குப் பிந்தைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்; அதில் இங்கிலாந்தும் அடக்கம்.

ஆறாம் படி: ஏழைகளும் குடும்பங்களும்

1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளைக் காக்கும் பொறுப்பு ஒவ்வொரு பங்குக்கும் உரியது. அதனால் யாருக்கு காலணி வாங்கித் தந்தார்கள், யாருடைய பிணப்பெட்டிக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற கணக்குகள் கிடைக்கும். வேறு பங்கைச் சேர்ந்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவரை விசாரித்த தாள்களில், கூலிக்காரர் ஒருவரின் வாழ்க்கை முழுவதும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். இறந்த விவசாயிகளின் உடைமைப் பட்டியல்களையும் தவறவிடாதீர்கள். அறை அறையாகக் கட்டில், பித்தளைப் பானை, கொட்டிலில் உள்ள மாடு வரை விலை போட்டிருப்பார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர்கள் 1841 முதல் கிடைக்கின்றன. ஆனால் அந்த ஆண்டில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊர் 1851 முதல் பதிவானது. 1931ஆம் ஆண்டு ஏடுகள் தீயில் அழிந்தன. 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை, போர் தொடங்கியதும் எடுக்கப்பட்ட 1939ஆம் ஆண்டின் மக்கள் பதிவேடு ஓரளவு நிரப்பும்.

ஏழாம் படி: காப்பகமும் ஊர்க்காரர்களும்

கவுண்டிக் காப்பகத்துக்குப் போகும் முன் இணையப் பட்டியலில் ஆவண எண்களைக் குறித்து, இடத்தையும் ஏடுகளையும் முன்பதிவு செய்யுங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் தேவைப்படலாம். பேனாவுக்கு அனுமதி இல்லை. பென்சில் கொண்டு செல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வகை ஏட்டை மட்டும் பாருங்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஆவண எண் எழுதிய துண்டுத்தாள் தெரியும்படி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எது எந்த ஏடு என்று நினைவிருக்காது.

ஊர் முதியவர்களிடம் பேசுவதை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏடுகளைப் பார்த்துவிட்டுப் போனால்தான் கேட்கத் தெரியும். பழைய நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்பதை விட, தசமபாக வரைபடத்தின் படியை மேசையில் விரித்து, இந்த வயலை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் வரைபடத்தில் உள்ளதோடு ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். இரண்டையும் எழுதி, சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்று அவருடைய சம்மதத்தோடு அருகிலேயே குறித்துவிடுங்கள். அவரிடம் பழைய புகைப்படம் இருந்தால், இருப்பவர்களின் பெயர்களை வரிசையாகக் கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதித் தாருங்கள். படியெடுத்த ஒன்றைக் கவுண்டிக் காப்பகத்தில் சேர்க்கலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.